தக்கை வளையம்

1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, அப்பாவின் புல்லட் ஒரு லாரியில் ஏறித் திண்டிவனம் வந்து சேர்ந்தது. நான்கு பேர் சேர்ந்து அதை இறக்கி மாட்டுக்கொட்டகையின் மூலையில் நிறுத்தினார்கள். அதன்பின் 34 ஆண்டுகள் அது அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மாடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. கொட்டகையின் ஓலை போய்த் தகரம் வந்தது. வண்டியின் மேல் கோணிச் சாக்குகளும் உடைந்த கட்டில் சட்டங்களும் ஏறின. சிறுவயதில் நாங்கள் இருவரும், அதாவது அந்த வீட்டின் இளைய மகனும் கடைசி மகளும், சாக்கை விலக்கி அதன் ஹெட்லைட்டில் முகம் பார்ப்பதுண்டு. அப்பா கண்டால் திட்டமாட்டார். சாக்கை மறுபடி இழுத்து மூடிவிட்டுப் போய்விடுவார்.

அது 'அண்ணன் ஓட்டிக் கெடுத்த வண்டி'. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்ததில்லை. எங்களுக்கும் அண்ணனுக்கும் பத்து வயதுக்கு மேல் இடைவெளி. அவர் தமது இருபதாவது வயதில், சென்னையில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அப்பாவிடம் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். செங்கல்பட்டைத் தாண்டி, சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வேலையும் கிடைக்கவில்லை. அப்பா அன்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாராம்: "வேகமா ஓட்டத் தெரிஞ்சா போதாது, வண்டி பேசறதைக் கேக்கத் தெரியணும்." மறு ஆண்டு அண்ணன் புனேவுக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. கடிதம் வரும், பணம் வரும், தீபாவளிக்கு ஆளும் வருவார். ஆனால் இருவரும் பேசிக்கொண்டது மழையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் மட்டுமே. அப்பா அதன்பிறகு வேறு வண்டி வாங்கவில்லை. மின்வாரியத்தில் ஓய்வு பெறும் வரை சைக்கிளில்தான் போனார்.

அப்பா 2021-இல் காலமானார். காரியத்துக்கு வந்திருந்த அண்ணன் ஒரு மாலை கொட்டகைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். "அதை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். பழைய இரும்புக்காரர் ஒருவர் அதற்குள் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். "ஓட வைக்கப் போறோம்" என்று பதில் சொன்னது எங்களில் யார் என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சொன்னபோது எங்கள் இருவருக்குமே ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

*

புல்லட்டை நேசிப்பவர்கள் அதன் வரலாற்றை ஏறக்குறைய ஒரு தலபுராணம் போலச் சொல்வார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்த நிறுவனம் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆயிற்று. இராணுவத்துக்கு வேண்டிய வண்டிகளில் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. வேர் பட்டுப்போன பிறகும் கிளை தழைத்தது. 1977-இல் இங்கே செய்த வண்டிகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. பெட்ரோல் டேங்கின் தங்கக் கோடுகளைத் திருவொற்றியூரில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். எங்கள் வண்டி 1971-இல் செய்தது. அப்பா அதை 1976-இல் இரண்டாம் கையாக வாங்கினார்.

இந்த வரலாற்றில் எங்களுக்குப் பயன்பட்டது ஒரே ஒரு செய்திதான். 1950-களில் வந்த எஞ்சினின் அடிப்படை அமைப்பைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றாமலே செய்துகொண்டிருந்தார்கள். 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சி.சி. கொண்ட ஒற்றை சிலிண்டர். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின்கள் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் வரை வந்தன. ஆகவே 1971-இன் எஞ்சினுக்கும் உதிரி பாகம் கிடைக்கும். நாங்கள் துணிந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் பாய். எழுபது வயதைக் கடந்த புல்லட் மெக்கானிக். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர், வண்டியைப் பார்க்க ஒருமுறை வந்தார். சாக்கை விலக்கினார், கிக்கரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அது அசையவில்லை. "நான் கை வைக்கமாட்டேன் தம்பி. நீங்க ரெண்டு பேரும் வைங்க. நான் உக்காந்து சொல்றேன்" என்றார். 2022 செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் அப்படித்தான் நடந்தது.

இறுகிய எஞ்சினைத் திறப்பதற்கு வலிமை உதவாது, பொறுமைதான் உதவும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் பழைய எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். பத்து நாட்கள் ஊறவிட்டோம். பிறகு நான்காவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினோம். மூன்றாம் வாரம் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள் என்றால் நீங்கள் நம்பாமலும் போகலாம்.

டேங்கின் உள்துருவை என்ன செய்வதென்று நாங்கள் விழித்தபோது அம்மாதான் வழி சொன்னாள். குத்துவிளக்குக்குப் புளி போடுகிறோமே, இதற்கும் போட்டால் என்ன? இரண்டு கிலோ பழம்புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளையும் உள்ளே போட்டு, கோணியில் சுற்றி உருட்டினோம். நான்கு முறை கரைசலை மாற்றிய பிறகு உள்ளே வெள்ளிபோல் ஆயிற்று.

*

எஞ்சினைத் திறந்த நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை மேலே உருவினோம். பாய் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிஸ்டனை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அதன் பக்கங்களில் சில கீறல்கள், கொஞ்சம் துரு. அவ்வளவுதான். அவர் முகத்தில் ஐயம் தோன்றியது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். அது கடகடவென்று ஆடியது. அடிப்பாகத்தைப் பிரித்தபோது கசண்டில் வெள்ளி நிறச் செதில்கள் மின்னின. அவை கனெக்டிங் ராடின் கீழ்முனையில் சுழல்கிற மிதவை புஷ்ஷின் வெள்ளை உலோகம். உருகிப் பெயர்ந்து வந்திருந்தது.

"வேகமாப் போயி சூட்டுல பிடிச்ச வண்டின்னுதானே சொன்னீங்க? அப்படின்னா மேல பிஸ்டன்தான் முதல்ல போயிருக்கணும். இது கீழேருந்து போயிருக்கு. கீழ எண்ணெய் வரல."

எண்ணெய் இல்லாமல் ஓட்டினாரா என்று கேட்டோம். பாய் தலையசைத்து மறுத்தார். எண்ணெய் அறையில் கருத்து இறுகிய பழைய எண்ணெய் நிறையவே இருந்தது. பம்பின் பற்களும் நன்றாக இருந்தன. பிறகு அவர் வலப்பக்கத்து டைமிங் கவரைத் திருப்பிப் போட்டு, அதன் உட்புறத்தில் ஒரு சிறு வட்டக் குழியைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினார். குழி காலியாக இருந்தது.

அந்தக் குழியில் இருக்க வேண்டியது ஒரு தக்கை வளையம். கார்க் சீல் என்பார்கள். மோதிரத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. பம்பு தள்ளுகிற எண்ணெய், வடிகட்டி வழியாக வந்து, கவருக்குள் இருக்கும் துளையைக் கடந்து, சுழலுகிற கிராங்கின் முனைக்குள் நுழைந்து, கனெக்டிங் ராடின் அடிக்குப் போய்ச் சேர வேண்டும். கவர் நிற்கிறது, கிராங்கு சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் காப்பது அந்தத் தக்கை. அது இல்லையென்றால் எண்ணெயில் பெரும்பகுதி அங்கேயே வழிந்து, திரும்பும் பம்பு வழியாக அறைக்கே வந்துவிடும். மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு எண்ணெய் நன்றாகச் சுற்றுவதாகவே தெரியும். எச்சரிக்கும் விளக்கு எதுவும் அந்த வண்டியில் கிடையாது. ஊருக்குள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரைக்கும் கசிந்தது போக மிஞ்சுகிற எண்ணெய் போதும். நெடுஞ்சாலையில் முறுக்கினால் போதாது.

"கவரைக் கழற்றி மாட்டினவங்க இதைப் போட மறந்திருக்காங்க" என்றார் பாய். "யாரு கழற்றினது?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வண்டியில் அப்பாவைத் தவிர யாரும் கை வைத்ததில்லை. அது அவருடைய பெருமையாகவே இருந்தது.

அப்பா ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். பெட்ரோல், எண்ணெய், பிளக், டயர் என எல்லாவற்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவார். அன்றிரவு அதைத் தேடியெடுத்தோம். கடைசிப் பதிவு 14-8-88, ஞாயிறு. அவருடைய சாய்வில்லாத கையெழுத்தில்: 'டைமிங் பல்சக்கரம் சத்தம். கவர் கழற்றிப் பார்த்தேன். பேக்கிங் புதிது.' அண்ணன் வண்டியை எடுத்துப் போனது அதற்கு அடுத்த வாரம். அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

கருவிப் பெட்டியின் அடியில் ஒரு பழைய பற்பொடி டப்பா இருந்தது. அதற்குள் தாள் உறையில் ஒரு தக்கை வளையம், பிரிக்கப்படாமல், காய்ந்து சுருங்கிக் கிடந்தது. உறையின் மேல் தேதி இல்லை, ரசீதும் இல்லை. அன்று போடுவதற்காக வாங்கி வைத்துப் போட மறந்தாரா? அல்லது பின்னொரு நாள் தாமே கவரைத் திறந்து பார்த்து, தெரிந்துகொண்டு, பிறகு வாங்கி வைத்தாரா? அம்மாவிடம் கேட்டோம். அப்பா அதற்கப்புறம் எஞ்சினைத் திறந்தாரா?

"எனக்கென்ன தெரியும். ராத்திரியில எழுந்து கொட்டகைக்குப் போவாரு. பீடி குடிக்கப் போறாருன்னு நினைச்சேன்" என்றாள்.

*

அண்ணனை அழைப்பதற்கு ஓர் அலுவல் காரணமும் இருந்தது. வண்டி அப்பாவின் பெயரில் இருந்தது. பெயர் மாற்றுவதற்கு வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, தக்கை வளையத்தைப் பற்றிச் சொன்னோம். தவறான தீர்ப்பொன்றைத் திருத்துகிற உற்சாகம் எங்கள் குரலில் இருந்திருக்க வேண்டும். அவர் மகிழ்வார், ஒருவேளை அழுவார் என்றுகூட எதிர்பார்த்தோம். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்" என்றார் அண்ணன். "ஆனா நான் அன்னிக்கு வேகமாத்தான் போனேன். படாளம் தாண்டினதும் கீழேருந்து டொக் டொக்னு சத்தம் வந்தது. நிறுத்திப் பாத்திருக்கலாம். நேரமாச்சேன்னு இன்னும் முறுக்கினேன். சத்தம் கேட்டதுன்னு நான் அப்பாகிட்ட சொல்லவே இல்ல. திடீர்னு நின்னுடுச்சுன்னுதான் சொன்னேன்."

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. வண்டி பேசுவதைக் கேட்கத் தெரிய வேண்டும் என்று அப்பா சொன்னது கோபத்தில் சொன்ன பொதுவார்த்தை என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். அண்ணன் மறைத்ததை அவர் ஊகித்திருக்கலாம். தம் பங்கு என்னவென்று அவரும் ஒரு நாள் அறிந்திருக்கலாம். தெரிந்ததை முதலில் சொல்ல வேண்டியவர் மற்றவர்தான் என இருவரும் காத்திருந்தார்களா என்பதை, அப்பா இல்லாத இந்த வீட்டில், இனி யாரிடம் கேட்பது?

"அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் தொலைபேசியை வைத்தார். கையெழுத்திட்ட கடிதம் அடுத்த வாரம் வந்தது.

*

மீட்டெடுப்பதன் மற்ற பகுதி பெரும்பாலும் அலைச்சல்தான். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரி பாகக் கடைகளும் புதுப்பேட்டையும் எங்களுக்குப் பழகிப்போயின. பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போய்க் காட்டி, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது பாயின் முதல் விதி. கடைக்காரர் சொல்லை நம்பி வாங்கிய பாகங்களுக்காகவே இரண்டு முறை கூடுதலாகச் சென்னைக்குப் போய்வந்தோம்.

சிலிண்டரை லேத் பட்டறையில் 20 தௌ கூடுதலாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் வாங்கினோம். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அதற்குக் குறைந்தால் பிடித்துக்கொள்ளும், மிகுந்தால் தட்டும்.

கிராங்கைச் சேர்த்ததுதான் எங்களை வியக்கவைத்தது. இரண்டு கனத்த சக்கரங்கள், அவற்றின் நடுவே ஒரு முளை, அதில் கனெக்டிங் ராட். மூன்றையும் சேர்த்து இறுக்கிய பிறகு இரு பக்கத்து அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். லேத்தில் இரு முனைகளிலும் பிடித்து, அளவுமானியை வைத்து, மெல்லச் சுழற்றிப் பார்ப்பார்கள். ஊசி ஆடும். ஆடுகிற இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஈயச் சுத்தியலால் சக்கரத்தின் விளிம்பில் ஓர் அடி. மறுபடி சுழற்றல், மறுபடி ஓர் அடி. இரண்டு தௌக்குள் வரும்வரை இதுதான் வேலை. எங்களுக்காக அதைச் செய்த லேத்காரர் முக்கால் மணி நேரம் ஒரு சொல்லும் பேசவில்லை.

புதிய தக்கை வளையத்தை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்தோம். மறுநாள் பாய் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஓராண்டில் அவர் அந்த எஞ்சினைத் தம் கையால் தொட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான். வளையத்தைக் குழியில் பொருத்தி, விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்து, எங்கள் இருவரையும் தனித்தனியே தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகே கவரை மூடவிட்டார்.

*

2023 நவம்பரில் ஒரு காலை. புல்லட்டைக் கிளப்புவது உதைப்பதல்ல. முதலில் அதனிடம் இடம் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பி, ஹெட்லைட்டுக்கு மேலுள்ள அம்மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்திருக்கும் ஊசி நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியிலிருந்து இம்மியளவு தாண்டவிட்டு, நெம்புகோலை விட்டுவிட்டு, பிறகுதான் முழு உதை. அப்பா இதை அண்ணனுக்குக் கற்றுத் தந்தார், எங்களுக்குத் தரவில்லை. பாய் தந்தார்.

பதினோராவது உதையில் பிடித்தது. வெண்புகை கொட்டகையை நிறைத்தது. அதன் பின்னால் அந்தச் சத்தம் வந்தது. இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு மூச்சு விடலாம் போன்ற, அவசரமில்லாத சத்தம். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்குப் புகையே காரணம் என்று எழுதிவிடலாம். அம்மா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்: "வடாம் காயுது, புகையை அந்தப் பக்கம் விடுங்க."

2024 பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தார். புது பிஸ்டன் பழகும்வரை, முதல் 500 கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது பாயின் உத்தரவு. கரிநாளன்று காலை அண்ணன் தாமாகவே வண்டியை வெளியே தள்ளினார். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. நாங்கள் இன்னும் தடுமாறுகிறோம். அவர் கால்கள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரு ஸ்கூட்டரில் பின்னால் போனோம். அச்சரப்பாக்கம், மதுராந்தகம் என்று சொன்னபடியே நிறுத்தி நிறுத்திப் போனார். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. மதுராந்தகத்திலேயே திரும்பிவிடலாம் என்றோம். "இன்னும் கொஞ்சம்" என்றார்.

படாளம் தாண்டிச் சிறிது தூரத்தில், நிறுத்துவதற்கான கணக்கு வருவதற்கு முன்பே, வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கி, வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து, டைமிங் கவருக்குச் சற்றுத் தள்ளிக் காதை வைத்துக் கேட்டார். லாரிகள் கடந்து போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு" என்றபடி எழுந்தார்.

இந்த இடம்தானா என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் வண்டியைத் திருப்பினார்.